சர்க்கரை நோயுள்ள மீட்புப் பூனையைத் தத்துக் கொடுத்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையின் தென்புறநகர் ஒன்றில் கைவிடப்பட்டு, மீட்கப்பட்ட பிறகு நீரிழிவு இருப்பதாகக் கண்டறியப்பட்ட ஆண் பூனை ஒன்று ஒரு குடும்பத்தில் நிலைபெற்ற கதையின் பதிவு இது. இன்சுலின் வேண்டியிருக்கும் பூனைக்கு வீடு கிடைக்காது என்ற எண்ணம் மீட்புப் பணியில் இருப்பவர்களிடமே வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தால் நோயை மூடி மறைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. முயற்சியே செய்யாமல் விட்டுவிடுபவர்களும் உண்டு. இந்தப் பூனையின் விஷயத்தில் இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் எங்கள் சிறு குழு எடுத்த முடிவுகளும், அவற்றின் காரணங்களும், விளைவுகளும் கீழே வரிசையாகச் சொல்லப்படுகின்றன. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

2023 ஏப்ரல் இறுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் மெலிந்த பூனை ஒன்று திரிவதாகத் தகவல் வந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன குடும்பம் அதை விட்டுவிட்டுச் சென்றதாகக் காவலாளி சொன்னார். பூனைக்குக் கருத்தடை செய்யப்பட்டிருந்தது. தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்யும்போது அடையாளமாகக் காது நுனியை வெட்டிவிடுவது வழக்கம். இதன் காதுகள் முழுமையாக இருந்தன. வீட்டில் வளர்ந்த பூனை என்பதற்கு அதுவே போதுமான சான்றாக இருந்தது. பற்களை வைத்துப் பார்த்த மருத்துவர் வயது ஏறத்தாழ 8 இருக்கலாம் என்றார். பழைய மருத்துவச் சீட்டு எதுவும் கிடைக்கவில்லை.

பசியாலோ தாகத்தாலோ வாட நேரும் நிலையில், தகுந்த காரணமின்றி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் போனவர்களின் புதிய முகவரி எவரிடமும் இல்லை. பூனையின் உடல்நிலை காத்திருக்கவும் விடவில்லை. ஆகவே அந்த வழியில் நாங்கள் நேரம் செலவிடவில்லை.

அந்தக் காவலாளி தம் சாப்பாட்டிலிருந்து மீன்குழம்புச் சோற்றையும், பாலில் ஊறவைத்த பிஸ்கட்டையும் அதற்கு வைத்துவந்தார். சோறும் பிஸ்கட்டும் இந்த நோய்க்கு ஆகாத உணவுகள் என்பது பின்னால் தெரிந்தது. அதைக் கேள்விப்பட்ட சிலர் அவரைக் குறையும் சொன்னார்கள். அவர் வைத்த சோற்றால்தான் அந்தப் பூனை நாங்கள் வரும்வரை உயிரோடு இருந்தது.

கவனிக்கப்பட்டவை

முதலில் கண்ணில் பட்டது அதன் நடை. பூனை விரல்களை ஊன்றி நடக்கும் விலங்கு. பின்னங்கால் கணு தரையில் படாது. இந்தப் பூனையோ பின்னங்கால்களைக் கணுவரை தரையில் பதித்து, முயல் உட்கார்ந்து நகர்வதைப் போல நடந்தது. சிறு மேடையில் ஏற முயன்று பின்பக்கம் சரிந்தது. எங்கோ விழுந்து அடிபட்டிருக்கும் என்றுதான் குடியிருப்பில் பலரும் நினைத்திருந்தார்கள்.

தற்காலிகப் பராமரிப்பு வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு மற்றவை தெரிந்தன. வைத்த கிண்ணத் தண்ணீர் போதாமல் குளியலறை வாளியில் தலையை விட்டுக் குடித்தது. எவ்வளவு சாப்பிட்டாலும் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. அடிவயிற்றுத் தோல் மட்டும் தொங்கியது, அதாவது முன்பு பருமனாக இருந்து பின் இளைத்த உடம்பு. மறுநாள் காலையில் அது சிறுநீர் கழித்த மணல் தட்டைச் சுற்றிச் சிற்றெறும்புகள் சாரை பிடித்திருந்தன. பராமரித்த பெண்மணியின் தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. எறும்பைப் பார்த்ததும் அந்தப் பெண்மணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றே மருத்துவரிடம் தூக்கிச் சென்றார்.

மருத்துவமனையில் இரத்தச் சர்க்கரை 412 மி.கி. காட்டியது. ஆனால் பயந்த பூனைக்கு நோய் இல்லாமலேயே அந்நேரத்தில் சர்க்கரை 300-ஐத் தாண்டக்கூடும் என்பதால், மருத்துவர் அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவுசெய்யவில்லை. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. கடந்த இரண்டு வாரங்களின் சராசரி நிலையை ஓரளவு காட்டும் ஃபிரக்டோசமைன் பரிசோதனைக்கும் இரத்தம் அனுப்பினார். அதுவும் மிக உயர்ந்திருந்தது. சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலப் பொருள்) இல்லை, சிறுநீரகம் கெடவில்லை, பூனைகளின் நோயெதிர்ப்புக் குறைவு வைரஸும் இரத்தப் புற்று வைரஸும் இல்லை. கீட்டோன் இல்லாதது பெரிய ஆறுதல். அது இருந்திருந்தால் நேராகத் தீவிர சிகிச்சைதான். நடை மாறியதற்கு அடிபட்டது காரணமல்ல; நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை நரம்புகளைப் பாதித்ததே காரணம் என்று அவர் விளக்கினார். ஈறுகள் சிவந்து, கடைவாய்ப் பற்களில் காரை படிந்திருந்தது. சர்க்கரை கட்டுக்குள் வராத நிலையில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்பதால் பல் சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது. இந்தத் தள்ளிவைப்பைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

சிகிச்சை அளிப்பதா என்ற கேள்வி

இந்த ஒரு பூனைக்கு ஆகும் செலவில் பல தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்துவிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதைக் கேட்டவர் மனத்தில் இரக்கம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. எங்களிடம் பணம் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் பூனைகளின் நீரிழிவுக்கு ஒரு தன்மை உண்டு. பெரும்பாலும் அது மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. விரைவாகக் கண்டறிந்து, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவோடு இன்சுலினும் சரியாகக் கொடுத்தால், கணையம் ஓய்வு பெற்று மறுபடி சுரக்கத் தொடங்கி, ஊசியே தேவைப்படாத நிலைக்குச் சில பூனைகள் வருவதுண்டு. நாய்களில் இதற்கு வாய்ப்பு மிக அரிது. இந்தப் பூனைக்கு வேறு உறுப்பில் கோளாறு இல்லை. சாப்பிடுகிறது, மனிதர்களை நாடி வருகிறது, பிடித்தால் கடிப்பதில்லை. வலியில்லாத பல ஆண்டுகள் அதற்கு மிச்சமிருக்கக்கூடும் என்ற நிலையில் சிகிச்சை கொடுக்காமல் விடுவதற்குக் காரணம் இல்லை என்று முடிவாயிற்று. செலவுக்கென்று தனியாக நன்கொடை கேட்பது, கருத்தடைப் பணத்தைத் தொடுவதில்லை என்பதும் அப்போதே தீர்மானமானது.

4.1 கிலோ எடை இருந்த பூனைக்கு, காலை ஒரு யூனிட், மாலை ஒரு யூனிட் என்று கிளார்ஜின் இன்சுலின் தொடங்கப்பட்டது. ஜூலைக்குள் வேளைக்கு இரண்டு யூனிட் ஆயிற்று. மனிதர்களுக்கு விற்கும் அதே மருந்துதான். 10 மி.லி. குப்பிக்குப் பதிலாக 3 மி.லி. கார்ட்ரிட்ஜ் வாங்கச் சொன்னார் மருத்துவர். ஒரு மி.லி.யில் 100 யூனிட் என்றால் கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். நாளொன்றுக்கு நான்கு யூனிட்டே செலவாகும் பூனைக்கு, திறந்தபின் 28 நாள் என்ற கெடுவுக்குள் அதுவே பாதிக்கு மேல் மீந்துவிடும்.

வீடு தேடியது

விளம்பரத்தில் படத்துக்குக் கீழே முதல் வரியாகவே "சர்க்கரை நோய் உண்டு, தினம் இரண்டு ஊசி" என்று போட்டோம். முதலில் ஓர் இளம் தம்பதியர் வந்தார்கள். இருவருக்கும் சுழற்சி முறையில் வேலை. பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் ஊசி போட வேண்டும் என்பதை நேரில் பார்த்தபின் தங்களால் இயலாது என்று வெளிப்படையாகச் சொல்லி விலகிக்கொண்டார்கள். இதைத் தோல்வியாகக் கருதக் கூடாது. அவர்கள் அன்று விலகாமல் மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்திருந்தால் பூனைக்கு அது இரண்டாவது கைவிடலாக ஆகியிருக்கும்.

ஜூலையில் வந்த குடும்பத்தில் கணவர், பள்ளி ஆசிரியையான மனைவி, கணவரின் தாயார் ஆகிய மூவர். பூனையை விரும்பியவர் ஆசிரியை. முடிவைச் சாதகமாக்கியவரோ அவருடைய மாமியார். பல ஆண்டுகளாகத் தாமே இன்சுலின் போட்டுக்கொள்பவர் அவர். "எனக்குப் போட்டுக்கிற ஊசிதானேம்மா, இதுக்கும் போட்டாப் போச்சு. நேரத்துக்குச் சாப்பாடு வேணும், அவ்வளவுதானே" என்றார். மருமகள், "அத்தை, நீங்க ஊருக்குப் போயிட்டா?" என்று கேட்டதும் அந்தக் கேள்வியிலிருந்தே அடுத்த ஏற்பாடுகள் பிறந்தன.

உடனே கையெழுத்து வாங்கிப் பூனையைக் கொடுத்துவிடவில்லை. ஆகஸ்டு வரை மாமியாரும் மருமகளும் மாறி மாறிப் பராமரிப்பு வீட்டுக்கு வந்து, ஊசி நேரத்தில் தாங்களே போட்டுப் பழகினார்கள். பூனை சாப்பிடத் தொடங்கியதும் விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அந்த மடிப்பின் அடியில் ஊசியைச் செலுத்துவது எளிதுதான். பெரும்பாலான பூனைகள் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்குவதில்லை. சிக்கல், ஊசி மடிப்பின் மறுபக்கம் வெளியே வந்துவிடும்போதுதான். அப்போது மருந்து ரோமத்தில் வழிந்து, பேண்டேஜ் பட்டையின் வாடை போல் ஒரு மருந்து நெடி வீசும். எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாது. அந்த வேளையில் மறுபடி போடக் கூடாது என்பது மாற்ற முடியாத விதி: ஒரு வேளை சர்க்கரை ஏறியிருப்பதால் பூனை சாகாது, இரட்டிப்பு மருந்தால் செத்துவிடக்கூடும்.

வீட்டில் சர்க்கரை பார்க்கவும் கற்றுக்கொடுக்கப்பட்டது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் சிறிது நேரம் வைத்திருந்து, காதின் பின்னே பஞ்சை அணைத்து, விளிம்போர இரத்தக்குழாய்க்கும் காதின் ஓரத்துக்கும் இடையே குத்தினால் ஒரு துளி வரும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் போக்கு உடையது. ஆகவே ஒரே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்துவது, எண்ணைவிட அதன் போக்கைக் கவனிப்பது என்று மருத்துவர் வகுத்துக் கொடுத்தார்.

ஒரே வீட்டில் இரண்டு இன்சுலின்

இந்த நிகழ்வில் எனக்கு மிகுந்த அச்சம் தந்த விஷயம் இதுதான். மாமியார் போட்டுக்கொண்டது ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள 30/70 கலவை இன்சுலின். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பூனைக்கானது ஒரு மி.லி.யில் 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு அளவுக்குப் பூனையின் மருந்தை இழுத்தால் உள்ளே வருவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். இரண்டு யூனிட் போடும் இடத்தில் ஐந்து யூனிட் போய்விடும். இரண்டு மூடிகளின் நிறமும் மங்கலான குழல்விளக்கில், கண்புரை தொடங்கிய கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

குளிர்பெட்டியில் தனித்தனி டப்பா, பெரிய எழுத்தில் பெயர் என்று முதலில் யோசிக்கப்பட்டது. ஆனால் தூக்கக் கலக்கத்தில் கை எடுப்பதை எழுத்து தடுக்காது. மாமியாரின் சொந்த மருத்துவரைக் கலந்து, அவருடைய மருந்து பேனா வடிவத்துக்கு மாற்றப்பட்டது. அதன்பின் வீட்டில் 40 யூனிட் சிரிஞ்ச் ஒன்றுகூட இல்லை. அரை யூனிட் கோடு போட்ட 0.3 மி.லி. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் மட்டுமே இருந்தது, அது பூனைக்கு. பூனையின் தத்துக்காக ஒரு மனிதரின் மருந்து முறையை மாற்றச் சொல்வது அதிகப்படி என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த அம்மையாருக்கோ பேனா எளிதாக இருந்தது. தம் ஊசியில் அளவு தவறும் கவலையும் அவருக்கு நீங்கியது.

தத்தும் அதன் பின்னும்

2023 ஆகஸ்டில் பூனை அவர்கள் வீட்டுக்குச் சென்றது. உணவில்தான் குடும்பத்துக்கு உழைப்பு அதிகம். கடைகளில் கிடைக்கும் உலர் தீனியில் மாவுச்சத்து மிகுதி. பாக்கெட்டின் மேல் அது எழுதியிருப்பதும் இல்லை. புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் (அதாவது தாது உப்புகள்) ஆகியவற்றைக் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மீதி ஏறத்தாழ மாவுச்சத்து. சாம்பல் அளவு அச்சிடாத பாக்கெட்டுகளை ஆசிரியை வாங்குவதே இல்லை. டப்பாவில் வரும் ஈர உணவே முதன்மையானது. வேகவைத்த கோழி கூடவே வைக்கப்பட்டது. சுண்ணாம்புச் சத்தும், பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்தும் போதாது என்பதால் கோழியை மட்டும் கொடுக்கவில்லை. மாதச் செலவு 4,000 ரூபாயைத் தாண்டியது. அதில் இன்சுலின் சிறு பகுதிதான், பெரும்பகுதி உணவு. முதலில் பகலில் சிறிது உலர் தீனியும் வைத்துவந்தார்கள்.

அக்டோபரில் அந்தப் பகல் தீனி நிறுத்தப்பட்டது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். உணவு மேம்பட்டது, ஆனால் ஊசியின் அளவு பழையபடியே இருந்தது. அந்த வாரத்திலேயே ஒரு மாலை பூனை சுவரோரம் தள்ளாடி, தலையைச் சாய்த்தபடி, வழக்கத்துக்கு மாறான குரலில் பசிக்குக் கத்தியது. கருவி 48 காட்டியது. மாமியார் பதறவில்லை, இந்த நிலை தம் உடம்பிலேயே அவர் அறிந்தது. தேனை விரலில் எடுத்து ஈறில் தடவினார். வாயில் ஊற்றவில்லை, விழுங்கத் தெம்பில்லாத பூனைக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பது பயிற்சியில் சொல்லப்பட்டிருந்தது. பூனை நிமிர்ந்ததும் ஈர உணவு வைத்தார். மருமகள் மருத்துவரை அழைத்தார். இரவு மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்து பூனை திரும்பிவந்தது.

அளவு ஒரு யூனிட்டாகக் குறைக்கப்பட்டது. ஊசிக்கு முந்தைய அளவு 150-க்குக் கீழே இருந்தால் போடாமல் அழைக்க வேண்டும், உணவில் எந்த மாற்றத்தையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற இரண்டு விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. அந்தத் தாழ்நிலை அச்சம் தந்ததுதான். ஆனால் அதே நிகழ்வு கணையம் தேறிவருவதற்கான அறிகுறியும் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். நவம்பரில் பின்னங்கால் கணு தரையை விட்டு எழத் தொடங்கியிருந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். தெருவில் முழங்காலளவு தண்ணீர், நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. குளிர்பெட்டியின் குளிர் தணிந்ததும், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு எவர்சில்வர் டப்பாவில் மாமியாரின் பேனாவும் பூனையின் கார்ட்ரிட்ஜும் வைக்கப்பட்டன. திறந்த இன்சுலின் 30 பாகைக்குக் கீழே 28 நாள் தாங்கும் என்பதால், சென்னை டிசம்பரில் அது போதுமானதாக இருந்தது. மே மாதமாக இருந்திருந்தால் நிலைமை வேறு. அந்த டிசம்பரில் பூனைக்கு வேளைக்கு அரை யூனிட்தான். 2024 ஜனவரியில் ஊசி முழுமையாக நிறுத்தப்பட்டது. நான்கு வாரம் கடந்தும் சர்க்கரை இயல்பாகவே இருந்தது, ஃபிரக்டோசமைனும் இறங்கியிருந்தது. எடை 4.9 கிலோ.

நோய் திரும்பியது

2024 செப்டம்பரில் பூனை மறுபடி தண்ணீரை நாடியது. மணல் தட்டில் எறும்பு வருகிறதா என்று தினமும் பார்க்கும் பழக்கம் அந்த வீட்டில் நின்றிருக்கவில்லை; ஆகவே தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வாயில் துர்நாற்றம், ஈறில் சீழ். உடலில் எங்கே தொற்று இருந்தாலும் இன்சுலினுக்கு உடல் சரியாக ஒத்துழைக்காது; ஆண்டு முழுதும் மெல்ல வளர்ந்த ஈறு நோய் அந்த வேலையைச் செய்திருந்தது. சர்க்கரையை ஓரளவு இறக்கியபின் மயக்க மருந்து கொடுத்து, கெட்ட பற்கள் எடுக்கப்பட்டன.

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர், பூனைகளின் நீரிழிவுக்கு இப்போது வாய்வழி மருந்து வந்துவிட்டதே, அதைக் கேட்டுப் பாருங்கள் என்றார். உண்மைதான்: அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும், 2023இல் வெலாகிளிஃப்ளோசின் திரவ மருந்துக்கும் ஒப்புதல் தந்தது. ஆனால் அந்த மாத்திரை ஏற்கெனவே இன்சுலின் பெற்ற பூனைகளுக்கு உரியதல்ல. சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே கீட்டோன் ஏறிவிடும் ஆபத்து இவ்வகை மருந்துகளில் உண்டு. பழகிய இன்சுலினுக்கே திரும்புவது என்று முடிவாயிற்று. பற்கள் போனபின் தேவை குறைந்தது. ஆனால் அறவே நீங்கவில்லை. வேளைக்கு ஒரு யூனிட் என்ற அளவில் 2025ஆம் ஆண்டின் பரிசோதனைகள் வரை நிலையாக இருந்தது. அலமாரியின் மேல்தட்டுக்குத் தாவுகிறது. நடையில் குறை தெரியவில்லை.

குடும்பத்தில் எவரும் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆண்டுதோறும் குலதெய்வக் கோயிலுக்கு ஊருக்குப் போகும் நாள்களில் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவி ஊசி போடுகிறார். தத்துக்கு முன் பயிற்சி பெற்ற மூன்றாவது கை அவருடையது.

எங்கள் நடைமுறையில் மாறியவை

நாள்பட்ட நோயுள்ள எந்தப் பூனையையும், எடுத்துச் செல்பவர்கள் பராமரிப்பு வீட்டில் தங்கள் கையாலேயே சிகிச்சையைச் செய்து பழகிய பிறகுதான் கொடுக்கிறோம். வீட்டில் ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. வீட்டுக்கு வெளியே ஒருவரும் கற்றிருக்க வேண்டும். வீட்டில் வேறு யாரேனும் இன்சுலின் போடுகிறார்களா என்பது விண்ணப்பத்திலேயே கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வியைச் சென்னை போன்ற ஊரில் எவரும் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பல் விஷயத்தில் மாற்றம் பெரிது. சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை தள்ளிவைத்த முடிவு சரியானதே. ஆனால் 2024 ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை ஊசியில்லாமல் நன்றாக இருந்த அந்தக் காலமே பல் சிகிச்சைக்கு ஏற்ற காலம். பூனை தேறிவிட்டது என்ற மகிழ்ச்சியில் அது எவருடைய குறிப்பேட்டிலும் இல்லாமற் போயிற்று. இப்போது தள்ளிவைக்கப்படும் ஒவ்வொரு சிகிச்சைக்கும், எந்த நிலை வந்ததும் அதைச் செய்ய வேண்டும் என்பது தத்துப் பத்திரத்தின் பின்பக்கத்திலேயே எழுதப்பட்டு, அதற்கான தொகையில் ஒரு பங்கு நன்கொடையிலிருந்து முன்கூட்டியே ஒதுக்கி வைக்கப்படுகிறது.